வெர்னாவின் மூன்றாவது எஞ்சின்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குக் காது பழகிவிடும். முதுகுக்குப் பின்னால் ஐம்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போதே எது விளையாட்டு, எது அழுகை, எது டயரில் மாட்டிய கல் என்று அவளுக்குத் தெரியும். வெர்னா இருபத்தொன்பது வருடம் அந்த வேலையைச் செய்தவள். அதனால்தான் மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிக்வா ஊருக்கு வடக்கே, மக்காச்சோளம் அப்போதுதான் முளைவிட்டிருந்த வயல்களுக்கு நடுவே தன் பச்சை நிறச் செவெல் காரில் போய்க்கொண்டிருந்தபோது, எஞ்சினுக்குள்ளிருந்து முதல் ‘டக்’ வந்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டாவது ‘டக்’ வருவதற்குள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, வண்டியை அதன் வேகத்திலேயே உருளவிட்டு ஓரத்தில் நிறுத்தினாள். அருகிலிருந்த பண்ணை வீட்டிலிருந்து போன் செய்து இழுவை வண்டியை வரவழைத்தாள்.

இழுவை வண்டிக்காரர், “ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுப் பாக்கலாமா?” என்றார்.

“சாவி மேல கை வெச்சீங்கன்னா கையை உடைச்சிடுவேன்” என்றாள் வெர்னா. அவர் சிரித்துக்கொண்டே சங்கிலியை மாட்டினார்.

அந்தக் காரை அவள் 1969 ஏப்ரலில், இருபத்து மூன்று வயதில், உள்ளாடை ஆலையில் தைத்துச் சேர்த்த கூலியில் புதிதாக வாங்கியிருந்தாள். அதற்கு அடுத்த வருடம்தான் டெல்லைக் கல்யாணம் செய்துகொண்டாள். பதினான்கு வருடம் கழித்து விவாகரத்து ஆனபோது வீடு, நாய், படகு எல்லாவற்றுக்கும் வாக்குவாதம் நடந்தது. காருக்கு நடக்கவில்லை. அது யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு திருகாணிகூட மாறாத வண்டி என்று அவள் அதைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். மழையில் எடுக்கமாட்டாள். சரளைக்கல் சாலையில் இறக்கமாட்டாள். ஐம்பது மைலுக்கு அப்பால் அந்த வண்டி போனதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்துக்குப் போய், எஞ்சின் மூடியைத் திறந்து வைத்து, பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருவாள். யாராவது எஞ்சினைப் பற்றிக் கேட்டால், “தொழிற்சாலையில போட்டது. அதுக்கப்புறம் யாரும் தொடல” என்பாள்.

எஞ்சின் வேலைக்கு அந்த வட்டாரத்தில் மர்வ் டீட்ஸின் பட்டறையை விட்டால் வேறு இடம் இல்லை. மர்வுக்கு ஐம்பது வயது. வார்த்தைகளைச் சில்லறை எண்ணுவதுபோல எண்ணித்தான் கொடுப்பார். அவருடைய இரண்டு மகள்களும் வெர்னாவின் பேருந்தில் போய்ப் படித்தவர்கள்.

“ராட் பேரிங் போச்சு” என்றார் மர்வ். “இறக்கிப் பிரிச்சாத்தான் மிச்சம் தெரியும். ரெண்டு வழி இருக்கு. இதையே சிலிண்டரைக் குடைஞ்சு போர் பண்ணி, கிராங்க் தண்டைத் தேய்ச்சு, புது பிஸ்டன், புது பேரிங் போட்டுக் கட்டலாம். கிராங்க் தேய்க்கிற ஆள்கிட்ட வரிசை நிக்குது. நவம்பர் ஆயிடும். இல்லன்னா புது எஞ்சின் வாங்கி வெச்சிடலாம். பெட்டியில வரும். பத்து நாள். மூணு வருஷம் உத்தரவாதம் வேற.”

“புது எஞ்சினா? இந்த வண்டிலயா?”

“சும்மா சொன்னேன்.”

“சொல்லாதீங்க.”

அங்கே பிரேக் டிரம் வாங்க வந்திருந்த கோர்டி, கார் சங்கத்தின் தலைவர், தானாகவே குறுக்கே வந்தார். “புதுசு வெச்சா இந்தக் காரு பாதிப் பொணம், வெர்னா. எஞ்சின் நம்பரும் வண்டி நம்பரும் ஒத்துப்போற வண்டி இந்த மாவட்டத்துல எத்தனை இருக்கு? உன்னோடதையும் சேத்து மூணு. ஒருநாளும் மாத்தாதே.”

“யாரு மாத்தப் போறா? நவம்பர் வரைக்கும் காத்திருப்பேன்” என்றாள் வெர்னா.

அவளுக்கு அவசரமும் இல்லை. ஜூன் ஆறாம் தேதியோடு வேலையிலிருந்து ஓய்வு. அதற்கப்புறம் மேற்கே, ஆரிகன் கடற்கரை வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். இருபத்தொன்பது வருடமாகத் தினமும் நாற்பத்தொரு மைல், ஒவ்வொரு தபால் பெட்டிக்கும் ஒரு நிறுத்தம் என்று அதே மாவட்டத்துக்குள் சுற்றியாகிவிட்டது. நிறுத்தச் சொல்ல யாருமில்லாத ஒரு சாலையில் போக ஆசை. அதற்குத் தன் சின்ன ஜப்பான் காரை எடுத்துக்கொள்வதாக இருந்தாள். செவெலைக் கொட்டகையில் வைத்துப் போர்த்திவிட்டுப் போவதுதான் எண்ணம்.

ஒன்பது நாள் கழித்து மர்வ் போன் செய்தார். “கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? போன்ல வேணாம்.”

மர்வ் அப்படிப் பேசுகிறவர் இல்லை. மத்தியானச் சுற்று முடிந்ததும் வெர்னா மஞ்சள் பேருந்தையே பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினாள்.

எஞ்சின் பிரிந்து மேசைமேல் கிடந்தது. மர்வ் ஒரு சிறு அட்டைத் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். எண்ணெய் ஊறிப் பழுப்பேறிய அட்டை. எரிபொருள் பம்ப்பைப் பொருத்தும் இடத்தின் வடிவத்துக்குக் கத்தரியால் வெட்டி, இரண்டு ஓட்டையும் போட்டிருந்தது.

“எண்ணெய் ஒழுகாம இருக்க பம்ப்புக்கு அடியில வெச்சிருந்த கேஸ்கெட். திருப்பிப் பாருங்க.”

மறுபுறத்தில் ஒரு சேவலின் அரைத்தலையும், ‘மொறுமொறு’ என்ற எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தன. காலைச் சாப்பாட்டுக்குப் பாலில் போட்டுச் சாப்பிடும் சோள அவல் பெட்டியின் அட்டை.

“தொழிற்சாலையில இப்படி வெட்டிப் போடமாட்டாங்க” என்றார் மர்வ். “சரி, பம்ப்பை யாரோ ஒரு தடவை மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சேன். இருந்தாலும் மனசு கேக்கல. பின்னாடி தொடச்சுப் பாத்தேன்.”

அவர் டார்ச்சை அடித்துக் காட்டினார். எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கின் பின்பக்கத்தில், இரும்பை வார்க்கும்போதே பதிந்த எழுத்துகள்: கே 12 9.

“கே-ன்னா பதினோராவது மாசம். நவம்பர் பன்னெண்டு, அறுபத்தொம்பது.”

“அதான் சரியா இருக்கே. அறுபத்தொம்பது வண்டிதானே?”

“நீங்க எப்ப வாங்கினீங்க?”

“ஏப்ரல்ல.” சொல்லிவிட்டு அந்த எழுத்துகளை இன்னொரு தடவை படித்தாள் வெர்னா.

மர்வ் டார்ச்சை அணைத்தார். “நீங்க வண்டியை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனப்ப இந்த இரும்பு மண்ணாக் கெடந்திருக்கு. முன்னாடி நம்பர் அடிக்கிற எடத்தையும் பெயின்ட்டைச் சொரண்டிப் பாத்துட்டேன். உங்க வண்டி நம்பர் இல்ல. வேற எதோ.”

வெர்னா முதலில் சிரித்தாள். முப்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளும், மடக்கு நாற்காலியும், தான் சொன்ன பேச்செல்லாமும் ஒன்றாக நினைவுக்கு வந்ததில் சிரிப்பு வந்தது. அப்புறம் கையிலிருந்த அரைச் சேவலைப் பார்த்தாள். அந்த அவலை வேளைக்கு இரண்டு கிண்ணம் தின்கிற ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும்.

“இதை நான் எடுத்துட்டுப் போறேன்” என்றாள்.

1971 இலையுதிர்காலத்தில் அவளுடைய அம்மா கென்டக்கியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வெர்னா காரை வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் போய் ஆறு வாரம் கூட இருந்தாள். டிசம்பர் முதல் வாரத்தில் திரும்பி வந்தபோது டெல் அவளை நிலையத்திலிருந்து அழைத்துவந்து கொட்டகைக் கதவைத் திறந்து காட்டினான். காரைக் கழுவி, உள்ளே துடைத்து, மேலே மெழுகு போட்டுப் பளபளவென்று நிறுத்தியிருந்தான். தின்ற தட்டைக்கூடக் கழுவாத மனிதன் அவன். அன்றைக்கு அவள் அங்கேயே நின்று அழுதாள். பிற்பாடு எவ்வளவோ மனத்தாங்கல் வந்து, பிரிந்தும் போன பிறகு, “உன்மேல் அவனுக்கு எப்போதாவது பிரியம் இருந்ததா?” என்று தங்கை கேட்டபோதெல்லாம் வெர்னா நினைத்துக்கொள்வது அந்த ஒரு சாயங்காலத்தைத்தான்.

பட்டறைக்குப் போய்வந்த மறுநாள் சனிக்கிழமை. டெல் ஊருக்கு மேற்கே எட்டு ஏக்கர் நிலத்தில் தனியாக இருந்தான். இரண்டாவது மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சாலையோரத்தில் மேசை போட்டு, ஸ்ட்ராபெரிப் பழங்களைத் தரம்பிரித்துப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஜப்பான் கார் வந்து நிற்பதைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான்.

“வா வெர்னா. பழம் வேணுமா? இந்த வருஷம் நல்லா இனிப்பு.”

“எழுபத்தொண்ணுல நான் அம்மாகிட்ட இருந்தப்ப என் காரை என்ன பண்ணினே?”

டெல் கையிலிருந்த பழத்தை மெல்லக் கீழே வைத்தான். “யாரு சொன்னா?”

“உன் காலைச் சாப்பாடு சொல்லிச்சு.” அட்டைத் துண்டை மேசைமேல் போட்டாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அட! இன்னும் இருக்கா இது? முப்பத்திரெண்டு வருஷம்! ஒரு சொட்டாவது ஒழுகிச்சா?”

“ஒழுகல.”

“பாத்தியா! கடையில விக்கிறது அஞ்சு வருஷம் தாங்காது.”

“டெல்.”

“சரி. சரி.” கண்ணாடியைக் கழற்றினான். “உக்காரு. நின்னுகிட்டுக் கேட்டா அடிக்கிற மாதிரி இருக்கு.”

அவள் கவிழ்த்துவைத்த பழக்கூடைமேல் உட்கார்ந்தாள். அவன் சொன்னான். அக்டோபர் கடைசி ஞாயிறு, கார்ப் பந்தயத் திடலில் அந்த வருடத்தின் கடைசி நாள். டெல்லோடு ஆலையில் வேலை செய்த ஒருவன், பெண்டாட்டி வண்டியைத் தொடவே உனக்குப் பயம் என்று கேலி செய்தானாம்; டெல் அவள் காரைப் பந்தயத்தில் இறக்கிவிட்டான். முதல் ஓட்டத்தில் ஜெயித்திருக்கிறான். இரண்டாவதிலும் ஜெயித்திருக்கிறான். அதோடு வந்திருக்கலாம். மூன்றாவதில் கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கின் பக்கவாட்டைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

“முஷ்டி போற அளவுக்கு ஓட்டை. அப்படியே ரோட்ல உக்காந்துட்டேன். செத்துடலாமான்னு இருந்திச்சு.”

“அப்புறம்?”

“லைமாவுல ஒரு உடைசல் கடையில, மரத்துல மோதின எழுபதாம் வருஷத்து வண்டி கெடச்சுது. அதே மாதிரி எஞ்சின். படகு மோட்டாரை வித்தேன். துப்பாக்கியை வித்தேன்.”

“துப்பாக்கியைத் திருடிட்டாங்கன்னு சொன்னே! நான் ஷெரிப் ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேனே!”

“போனே. வேணாம், விட்டுத்தொலைன்னு நான் பின்னாலயே ஓடி வந்தேன்.”

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“கொட்டகையில ஹீட்டர் கெடையாது” என்று டெல் தொடர்ந்தான். “நவம்பர் குளிர்ல நானும் எங்கண்ணனும் மூணு வாரம் மாட்டினோம். ஆணி கையில ஒட்டிக்கும். கடைசி ஞாயித்துக்கெழமை பாத்தா அந்த ஒரு கேஸ்கெட் கிழிஞ்சிருக்கு. கடையெல்லாம் மூடியாச்சு. நீ அடுத்த நாள் வர்றே. சாப்பிட்டுட்டு இருந்த பெட்டிய வெட்டினேன்.”

“எங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லையா?”

“கொட்டகைய தொறந்ததும் சொல்லிடணும்னுதான் இருந்தேன். வார்த்தையெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். நீ அழ ஆரம்பிச்சுட்டே. அப்புறம் எப்படிச் சொல்றது?”

சாலையில் ஒரு லாரி போனது. அதன் காற்றில் மேசைவிரிப்பு படபடத்தது. வெர்னா தன் கைகளைப் பார்த்தபடி கேட்டாள். “அப்ப அந்தக் கழுவினது, மெழுகு போட்டது எல்லாம் பயத்துல செஞ்சதுதானா?”

டெல் ஒரு பெட்டியிலிருந்த பழங்களை எடுத்து இன்னொன்றில் போட்டான். “கழுவினது பயத்துல. பெயின்ட்ல எண்ணெய்க் கறை இருந்திச்சு. மறைக்கணுமே. மெழுகு...” தலையைச் சொறிந்தான். “மெழுகு போட்டப்ப கறையெல்லாம் போயாச்சு, வெர்னா. அண்ணன்கூட, போதும் வாடான்னு வீட்டுக்குப் போயிட்டான். ஆறு வாரம் நீ இல்லாம வீடு ஒரு மாதிரி இருந்திச்சு. வேற என்ன செய்யறதுன்னு தெரியல.”

அவன் பொய் சொல்லும்போது காது சிவக்கும். அவள் காதைப் பார்த்தாள். சிவக்கவில்லை.

“வா, ஒண்ணு காட்டறேன்” என்று எழுந்தான்.

கொட்டகைக்குள் சாமான்களை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்று, கனமான இரும்புப் பீடத்தின்மேல் முடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பீடம்தான் பழைய பிளாக். பக்கவாட்டில் ஓட்டை. முன்பக்கத்தில் அவள் விரலால் எண்ணெய்ப் பசையை வழித்துப் பார்த்தாள். பதிவுச் சீட்டில் இருக்கும் அதே எண். அவளுக்கு அது மனப்பாடம்.

“தூக்கிப்போட மனசு வரல” என்றான் டெல். “எடுத்துக்கோ. வைஸுக்கு வேற எதாவது பாத்துக்கறேன்.”

திங்கட்கிழமை இரண்டு எஞ்சின்களும் மர்வின் பட்டறைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. செய்தி கேட்டு ஓடிவந்த கோர்டி ஓட்டை பிளாக்கின் முன்னால் மண்டிபோட்டுவிட்டார். “கெடச்சிடுச்சு பாத்தியா! மர்வ், இதைத் தைக்க முடியும்ல?”

“முடியும்” என்றார் மர்வ். “ஓட்டைக்குத் துண்டு வார்த்து, சுத்தி ஆணி ஆணியா அடிச்சுத் தைக்கணும். சிலிண்டருக்குள்ள குழாய் மாதிரி ஸ்லீவ் போடணும். அடுத்த வசந்தம் ஆயிடும். நிக்கும். ஆனா அதை வெச்சுகிட்டு வேகமாப் போகச் சொல்லமாட்டேன்.”

“எதுக்கு வேகமாப் போகணும்? நம்பர் ஒத்துப்போகும்ல!” என்றார் கோர்டி.

“இன்னொண்ணு?” என்று வெர்னா கேட்டாள்.

“லைமா எஞ்சினா? போர் பண்ணிக் கட்டலாம், நான் முன்ன சொன்ன மாதிரி. நவம்பர்.”

வெர்னா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு எஞ்சின் அவள் வாங்கியது. இரண்டரை வருடம் ஓடியது. இன்னொன்று முப்பத்திரண்டு வருடம் ஓடியது. ஆனால் எங்கே ஓடியது? உழவர் சந்தைக்கும், ஊர்வலத்துக்கும், கார்க்காரர்கள் கூடும் மைதானத்துக்கும். மேகம் கறுத்தால் வீட்டுக்குத் திருப்பியிருக்கிறாள். தங்கை மகள் கல்யாணத்துக்கு முந்நூறு மைல் என்று வேறு காரில் போயிருக்கிறாள். ஒரு திருகாணிகூட மாறாததைக் கெடுத்துவிடக் கூடாதே என்று கெடுபிடியாக இருந்ததெல்லாம், மரத்தில் மோதிய எவனோ ஒருவனுடைய எஞ்சினுக்காக. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வேலை நாள் முடிந்து கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு பேருந்தில் ஒரு அமைதி வருமே, அதுபோல இருந்தது.

“மர்வ், நாளைக்கு நீங்க கடல் வரைக்கும் போகணும்னா எதை வெச்சுகிட்டுப் போவீங்க?”

“என் கருத்தைக் கேக்கறீங்களா?”

“ஆமா.”

“புதுசு.”

“அப்ப அதை வரவழைங்க.”

கோர்டி மண்டிபோட்டபடியே திரும்பிப் பார்த்தார். “வெர்னா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. ஒரு வாரம் யோசி.”

“முப்பத்திநாலு வருஷமா யோசிச்சாச்சு கோர்டி. எனக்கு அந்த வண்டிய ஓட்டணும்.”

“மழை பெய்ஞ்சா?”

“நனையும்.”

புது எஞ்சின் சொன்னபடி பத்தாம் நாள் பெட்டியில் வந்தது. மாட்டுவதற்கு நான்கு நாள் பிடித்தது. கடைசி நாள் டெல் தன் டிரக்கோடு வந்து பட்டறை வாசலில் தயங்கி நின்றான். தொப்பி கையில் இருந்தது.

“லைமா எஞ்சினை என்ன பண்ணப் போறே?”

“மர்வ் இரும்புக்கு எடுத்துக்கறேன்னாரு.”

“எனக்குத் தர்றியா? குளிர்காலம் முழுக்க சும்மாதான் உக்காந்திருக்கேன். அப்ப அவசரத்துல அடிப்பாகத்தைத் தொறந்துகூடப் பாக்கல. பேரிங் மாத்தியிருந்தா இப்ப போயிருக்காது. ஒழுங்காச் செய்யணும்னு இருக்கு.”

“செஞ்சு?”

“செஞ்சு வெக்கறேன். வேணும்னா சொல்லு. வேணாம்னா அங்கேயே கெடக்கட்டும்.”

வெர்னா அவனைப் பார்த்தாள். அறுபது வயது. சட்டையின் மேல்பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். “எடுத்துட்டுப் போ. ஆனா இனிமே என் வண்டிய எவனாவது தொடறதா இருந்தா எங்கிட்ட கேட்டுட்டுத்தான்.”

“கேட்டுட்டுத்தான்” என்றான் டெல். மர்வும் அவனுமாகச் சங்கிலிக் கப்பியைப் பிடித்து எஞ்சினை டிரக்கில் இறக்கினார்கள்.

ஜூன் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை அவள் கிளம்பினாள். பின் சீட்டில் ஒரு பெட்டி துணி, ஒரு கூடாரம், டெல் கொடுத்தனுப்பிய இரண்டு பெட்டி ஸ்ட்ராபெரி. இண்டியானாவைத் தாண்டும் முன்பே பழம் தீர்ந்துபோயிற்று. இலினாயில் ஒரு மணி நேரம் கனமழை பெய்தது. துடைப்பான் ரப்பர் காய்ந்துபோய்க் கீச்சிட்டது. ஓரமாக நிறுத்தலாமா என்று கை பழக்கத்தில் போனதை அவளே இழுத்துக்கொண்டாள். மழை நின்றபோது வெயிலில் மூடியிலிருந்து ஆவி பறந்தது.

புது எஞ்சினுக்கு ஐந்நூறு மைலில் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று மர்வ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது அயோவாவின் நடுவில் ஒரு சின்ன ஊரில் வந்தது. அங்கிருந்த மெக்கானிக், தடித்த ஒரு பெண், வடிந்த எண்ணெயை வெளிச்சத்தில் காட்டி, “மினுமினுன்னு இரும்புத் தூள் மாதிரி எதோ இருக்கு பாருங்க” என்றாள்.

வெர்னா பட்டறைப் போனிலிருந்தே மர்வைக் கூப்பிட்டாள்.

“எவ்வளவு மினுக்கு?” என்று கேட்டார் மர்வ்.

“மீன் செதில் பொடிச்ச மாதிரி.”

“விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. நெருடுதா?”

தேய்த்துப் பார்த்தாள். “இல்ல. மாவு மாதிரி இருக்கு.”

“அப்ப ஒண்ணும் இல்ல. புதுசுல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒரசி எடம் பிடிக்கும். வடிகட்டிய மாத்திட்டுக் கெளம்புங்க.” வழக்கத்துக்கு மாறாக இன்னொரு வார்த்தையும் கொடுத்தார். “எப்படிப் போகுது?”

“இழுக்குது மர்வ்” என்றாள் வெர்னா. “நான் காலை வெக்கறதுக்கு முன்னாடியே இழுக்குது.”

மெக்கானிக் பெண் மூடியைச் சாத்தினாள். எதிரே இருந்த உணவகத்தில் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுடும் பலகாரம் நன்றாக இருக்கும் என்றாள். வெர்னா போய் ஒரு துண்டு தின்று, காப்பி குடித்து, வழியில் தின்ன இன்னொரு துண்டைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டாள். நெப்ராஸ்கா எல்லைக்கு இன்னும் நூற்றெழுபது மைல் இருந்தது. அதை இருட்டுவதற்குள் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டபடி காரில் ஏறினாள்.